மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட்டும் ஒரு பாட்டில் நெயில் பாலிஷும்

கேள்வி சுருக்கமாக இதுதான்: "அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. தாவரவியல் இரண்டாம் ஆண்டை முடிக்கப்போகிறேன். ஆறாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட் இருக்கிறது. 'பழைய ப்ராஜெக்ட்டை வாங்கி அட்டையை மாத்திக் குடுத்துடு' என்கிறார்கள் சீனியர்கள். இளங்கலையிலேயே நிஜமான ஆராய்ச்சி செய்ய முடியுமா சார்? நல்ல கைடு எப்படிக் கிடைப்பார்? என் அறைத் தோழர்கள் தமிழ், வணிகவியல், கணிதம் படிக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்."

முடியும், தம்பி. நான் 20 வருஷத்துக்கு மேல் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாத் துறைகளின் ப்ராஜெக்ட் தலைப்புகளும் வந்து சேரும் கல்லூரிக் குழுவிலும் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். நான் பார்த்தவரையில் இளங்கலை ப்ராஜெக்ட் கெட்டுப்போவதற்கு மாணவரின் அறிவுக் குறைவு அபூர்வமாகத்தான் காரணம். தலைப்புதான் பெரிசாக இருக்கும். டிசம்பர் பிறந்தால் போதும், "சர்க்கரை நோய்க்கு மூலிகை மருந்து கண்டுபிடிக்கணும் சார்" என்று யாராவது ஒருவர் வந்து நிற்பார். கையில் இருப்பதோ மூன்று மாதம், ஒரு நுண்ணோக்கி, நாலு பேருக்கு ஒரு தராசு. அந்த மூன்று மாதத்துக்குள் அடங்குகிற மாதிரி கேள்வியை வெட்டி எடுத்துக் கொடுப்பதுதான் கைடின் முதல் வேலை. அங்கே அவர் சோம்பினால் மிச்ச வேலை ஜெராக்ஸ் கடையில் நடக்கும்.

சில வருஷத்துக்கு முன் எங்கள் துறை மாணவி ஒருவர் வந்தார். காற்று மாசு இலையை என்ன செய்கிறது என்று பார்க்க ஆசை. பேசிப் பேசி அந்த ஆசையை ஒரே வாக்கியத்துக்குள் கொண்டுவந்தோம்: பேருந்து நிலையத்தில் நிற்கிற புங்க மரத்து இலையிலும் கல்லூரிக்குள் நிற்கிற புங்க மரத்து இலையிலும் இலைத்துளைகள் ஒரே அளவு நெருக்கமாக இருக்கின்றனவா? உங்களுக்கு இலைத்துளை என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அறைத் தோழர்களுக்காக: இலை காற்றை உள்ளே வாங்கி நீராவியை வெளியே விடுகிற நுண்ணிய வாய்.

கருவி ஒரு பாட்டில் நெயில் பாலிஷ், அவ்வளவுதான். இலையின் அடிப்பக்கத்தைத் துடைத்து, நடுநரம்புக்குப் பக்கத்தில் நகத்தளவு பூசி, பத்துப் பதினைந்து நிமிஷம் காயவிட வேண்டும். அதன்மேல் செலோ டேப்பை ஒட்டி மெல்ல உரித்தால் இலைத்தோலின் அச்சு அப்படியே டேப்போடு வந்துவிடும். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுண்ணோக்கியில் வைத்து எண்ண வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரிகிற வட்டத்தின் விட்டத்தை, நுண்ணிய அளவுகோடுகள் பொறித்த மைக்ரோமீட்டர் தகட்டால் ஒரு முறை அளந்துகொண்டால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை துளை என்று கணக்கு வந்துவிடும்.

மூன்று வாரத்தில் முடிவு தெரிந்தது. பேருந்து நிலையத்து இலையில் துளைகள் தெளிவாக அதிகம். அவருக்குத் தலைகால் புரியவில்லை, "மாசுனாலதான் சார்" என்று முடிவுரைகூட எழுதிவிட்டார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "மரத்துல எந்தப் பக்கத்து இலைம்மா பறிச்ச?" பேருந்து நிலையத்து மரம் ஒற்றையாக வெயிலில் நிற்கிறது. கல்லூரி மரமோ நாலு வேப்பமரத்துக்கு நடுவே நிழலில். வெயிலில் வளர்ந்த இலையில் துளை நெருக்கமாக இருக்கும் என்பது பாடப்புத்தகத்திலேயே உள்ள விஷயம். அவர் முகம் விழுந்துவிட்டது.

இரண்டு நாள் ஆளைக் காணோம். அப்புறம் அவரே வந்தார். பேருந்து நிலையத்து மரத்திலேயே வெயில் பக்கத்து இலை, உட்கிளையின் நிழல் இலை என்று பிரித்து எண்ணிக்கொண்டு வந்திருந்தார். முதலில் இரண்டு மரங்களுக்கு நடுவே கிடைத்த வித்தியாசத்தில் பெரும்பகுதி இப்போது ஒரே மரத்துக்குள் இருந்தது. ப்ராஜெக்ட்டின் தலைப்பே மாறிப்போனது. மாசைப் பற்றித் தன்னால் ஏன் ஒன்றும் சொல்ல முடியவில்லை என்று இரண்டு பக்கம் எழுதினார். நான் திருத்திய ப்ராஜெக்ட்களில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு பக்கம் அது. நீங்கள் கேட்ட 'நிஜமான ஆராய்ச்சி' அந்த இரண்டு பக்கத்துக்குள்தான் இருக்கிறது.

"இதெல்லாம் சின்ன விஷயம், பெரிசா ஏதாவது இளங்கலையில் நடந்திருக்கா?" என்று உங்கள் கணித நண்பர் கேட்பார். அவருக்குச் சொல்ல நம் நாட்டுக் கதையே இருக்கிறது. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதை, எண் எவ்வளவு நீளமாக இருந்தாலும், கட்டுக்குள் அடங்கும் நேரத்தில், குத்துமதிப்பு இல்லாமல் சொல்லும் வழிமுறை உண்டா என்பது வெகுகாலக் கேள்வி. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியிலிருந்து உண்டு என்று விடை வந்தது. எழுதியவர்கள் பேராசிரியர் மணீந்திர அகர்வால், அந்த வருஷம்தான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா. ஒன்பது பக்கக் கட்டுரை. அதற்கு 2006இல், கணினி அறிவியல் கோட்பாட்டுக்குத் தரப்படும் கோடல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையை எல்லோரும் 'இரண்டு மேதைப் பையன்கள்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதற்கு முந்தைய பகுதிதான் எனக்கு முக்கியம். 1999இல் அகர்வாலும் சோமநாத் பிஸ்வாஸும் இதே கேள்வியை வேறொரு கோணத்தில் தொட்டிருந்தார்கள். 2001இல் ரஜத் பட்டாச்சார்ஜி, பிரசாந்த் பாண்டே என்ற இரண்டு பி.டெக். மாணவர்கள் அங்கிருந்து எடுத்துப் போனார்கள். அவர்கள் ஒரு யூகத்தை முன்வைத்தார்கள். நிரூபிக்க முடியவில்லை. அவர்கள் விட்ட இடத்தில் அடுத்த வருஷம் கயாலும் சக்சேனாவும் தங்கள் பி.டெக். ப்ராஜெக்ட்டைத் தொடங்கினார்கள். நம் ஊர்க் கபடியில் ஒருவர் பாடிப்போய் ஒரு புள்ளி எடுத்து வர, அடுத்தவர் போவது மாதிரி. அந்த ஆசிரியரிடம் பல வருஷமாக அணையாமல் ஒரு கேள்வி இருந்தது. ஒவ்வொரு பேட்ச்சும் அதில் ஒரு துண்டை வாங்கிக்கொண்டது.

நம் கல்லூரிகளில் இதற்கு நேர்மாறாகத்தான் நடக்கிறது. கறுப்பு அட்டை, தங்க எழுத்து பைண்டிங் போட்ட பழைய ப்ராஜெக்ட்கள் துறை பீரோவில் அடுக்கியிருக்கும். காப்பியடிக்க மட்டும்தான் அதைத் திறப்பார்கள். நீங்கள் திறங்கள், ஆனால் கடைசி அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். 'மழைக்காலத்தில் மாதிரி எடுக்க முடியவில்லை', 'ஒரே ஒரு ஏரியில்தான் பார்த்தோம்' என்று எங்காவது ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி உங்கள் ப்ராஜெக்ட்.

கைடு விஷயத்தில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு இரண்டு பழைய கதை உண்டு. சி.வி. ராமன் அங்கே மாணவராக இருந்தபோது, ஆய்வகத்தில் பட்டகத்தை வைத்து வேலை செய்கையில் ஒளிப்பட்டைகள் சமச்சீராக விழாததைக் கவனித்தார். எழுதி, பேராசிரியர் ஜோன்ஸிடம் கொடுத்தார். அவர் மாதக்கணக்கில் ஒன்றும் சொல்லவில்லை. ராமன் தானே லண்டனுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் 'ஃபிலசாஃபிகல் மேகசின்' இதழில் அது வெளிவந்தபோது அவருக்கு வயசு 18. ஜோன்ஸைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆய்வகத்தில் அந்தப் பையனை இஷ்டத்துக்கு விட்டிருந்தாரே, அதுவும் ஒரு வகைக் கைடுதான்.

இரண்டாவது கதை ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகருடையது. அதே கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் படிக்கும்போது, 1928இல் சென்னைக்கு வந்த ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டை நேரில் போய்ப் பார்த்தார். அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த பையனிடம், "அதெல்லாம் பழசாகிவிட்டது" என்று சொல்லி, தான் அப்போது எழுதியிருந்த கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார் அவர். அதைப் படித்துச் சந்திரசேகர் எழுதியது 1929இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. பட்டம் வாங்கியது அதற்கு அடுத்த வருஷம்தான். தன்னுடைய இன்னும் வெளிவராத வேலையை ஒருவர் எடுத்துக் காட்டியதால் நடந்த காரியம்.

இதைத் தற்செயலுக்கு விடாமல் ஏற்பாடாகவே செய்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1969இல் மார்கரெட் மெக்விகர் என்ற இயற்பியலாளர் தொடங்கிய திட்டத்தின்படி, இளங்கலை மாணவர் எவரும் ஒரு பேராசிரியரின் நடப்பு ஆய்வில் சேரலாம். கிரெடிட்டும் உண்டு, சம்பளம் வாங்கிக்கொண்டும் செய்யலாம். இன்று உலகம் முழுக்கப் பல பல்கலைக்கழகங்களில் அதன் சாயல் இருக்கிறது. இங்கே புதிய கல்விக் கொள்கையைப் பின்பற்றும் இடங்களில் நான்காம் ஆண்டு ஆய்வுப் பட்டம் வந்திருக்கிறது. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் இருந்தால்தான் அதில் இடம். மதிப்பெண்ணுக்கும் பொறுமையாக 200 இலையை எண்ணுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சரி, அது வேறு கதை. உங்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு, கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட், அதற்குள் பார்ப்போம்.

இனி உங்கள் அறைத் தோழர்கள். துறைக்குத் துறை ஒரு செத்த தலைப்பு உண்டு. வேதியியலில் அது வெள்ளி நானோ துகள். எந்த இலையைக் கொதிக்கவைத்து அந்தச் சாற்றைச் சில்வர் நைட்ரேட்டில் ஊற்றினாலும் கரைசல் பழுப்பாகும், அது ஒளியை உறிஞ்சுவதை அளந்தால் 420 நானோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு முகடு வரும். வேம்பு, துளசி, கொய்யா என்று இலையை மாற்றி மாற்றி வருஷா வருஷம் அதே ப்ராஜெக்ட். கணினி அறிவியலில் ப்ராஜெக்ட் சென்டரிலேயே ரெடிமேடாகக் கிடைக்கிறது, விளக்கவே வேண்டாம்.

வணிகவியலில் 'வாடிக்கையாளர் திருப்தி: இன்ன நகரத்தைச் சிறப்பாகக் கொண்டு ஓர் ஆய்வு'. வகுப்புத் தோழர்கள் 100 பேருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி, 'மிகவும் திருப்தி' எத்தனை சதவீதம் என்று வட்டப்படம் போடுவது. அதைச் செய்ய வந்த ஒரு மாணவரை எங்கள் வணிகவியல் நண்பர் கடைத்தெருவுக்கு அனுப்பினார். தண்டல் வட்டியைக் கணக்குப் போட்டுவரச் சொன்னார். பூக்கடை, காய்கறிக் கடைக்காரர்கள் சொல்வது 'நூத்துக்குப் பத்து': 10,000 ரூபாய் கடனுக்கு 9,000 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாயாக 100 நாள் வசூல். 9,000க்கு 1,000 வட்டி, 100 நாளுக்கு. நேர்க்கணக்கில் வருஷத்துக்கு 40 சதவீதம் மாதிரி தெரியும். ஆனால் அசல் தினமும் கரைந்துகொண்டே வருகிறதே? கடைசி மாதம் கையில் இருக்கும் கடன் மூவாயிரத்துக்கும் கீழே. அதைச் சேர்த்துத் தவணை முறையில் போட்டுப் பார்த்தால் வருஷ வட்டி 77 சதவீதத்தைத் தாண்டுகிறது. பாடத்தில் படித்த சூத்திரம்தான். எட்டுக் கடைக்காரர்களின் தண்டல் அட்டையைப் பார்த்து, தவணை தவறினால் நிஜத்தில் என்ன நடக்கிறது என்று அந்த மாணவர் எழுதியதைப் புறத்தேர்வாளர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

தமிழில் 'இன்னார் நாவல்களில் சமுதாயச் சிந்தனைகள்' என்பது நிரந்தரக் குடியிருப்பு. அதற்குப் பதில், கடற்கரை ஊர் மாணவர் ஒருவர் காற்றின் பெயர்களைச் சேகரித்தார்: வாடை, கொண்டல், கச்சான், சோழகம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பேரகராதியில் இந்தச் சொற்களுக்குத் திசை போட்டிருக்கிறது. அவருடைய கைடு ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்: "ஒரு சொல்லை ஒரு ஆள்கிட்ட மட்டும் கேக்காதே. அஞ்சு பேர்கிட்ட கேளு. வயசு, ஊரு, கட்டுமரமா வள்ளமா, எல்லாம் எழுதிக்கோ." பையன் பெரியவர்களைக் கரையில் நிற்கவைத்து, கையை நீட்டித் திசை காட்டச் சொன்னார். கைப்பேசி திசைகாட்டியில் பாகையைக் குறித்துக்கொண்டார். பக்கத்துப் பக்கத்து ஊரிலேயே ஒரே பெயருக்குக் கை வேறு பக்கம் நீண்டது. கரை வளைகிற ஊர்களில் திசையும் வளைகிறதோ என்ற சந்தேகத்தோடு ப்ராஜெக்ட் முடிந்தது. அடுத்த பேட்ச்சுக்கு ஒரு கேள்வி தயார்.

கணிதம் கொஞ்சம் சங்கடம், ஒப்புக்கொள்கிறேன். மூன்று மாதத்தில் புதுத் தேற்றம் நிரூபி என்று யாரையும் சொல்ல முடியாது. பெரும்பாலும் ஒரு புத்தக அத்தியாயத்தைத் தட்டச்சு செய்துதான் கொடுக்கிறார்கள். குறைந்தபட்சம் நிரூபணத்தில் 'எளிதில் காணலாம்' என்று ஆசிரியர் தாண்டிப்போன இடங்களையெல்லாம் நிரப்பச் சொல்வேன். ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் தேற்றம் எங்கே உடைகிறது என்று எடுத்துக்காட்டு தேடச் சொல்வேன். அது போதும், நிறையவே போதும்.

சரி, கைடு. நேரே போய் "சார், தலைப்பு குடுங்க" என்று நிற்காதீர்கள். "இப்ப நீங்க என்ன பாத்துக்கிட்டு இருக்கீங்க சார்?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது குரல் மாறுகிற ஆசிரியர் ஒருவராவது துறையில் இருப்பார். அவர்தான் உங்கள் ஆள். அவர் கண்டிப்பானவரா, மார்க் போடுவாரா என்பதெல்லாம் அப்புறம். அவருடைய நிலைமையும் தெரிந்திருக்கட்டும்: உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு, அதற்கு மேல் தரச்சான்றுக் கோப்புகள், தேர்வுத்தாள், உங்களைப் போல் ஏழெட்டு ப்ராஜெக்ட் மாணவர்கள். 'எப்ப ஃப்ரீயோ அப்ப வர்றேன்' என்றால் அந்த நாள் வராது. 'வெள்ளிக்கிழமை மூணு மணி, பதினஞ்சு நிமிஷம்' என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு வெள்ளியும் ஒரு பக்கத்தோடு போங்கள்: இந்த வாரம் என்ன செய்தேன், எங்கே இடித்தது.

படிக்காமல் கையெழுத்துப் போடுகிற கைடு வரம் மாதிரி தெரியும். எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். கடைசி நாள் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என் அட்டவணை ஒன்றில் மைக்ரோமீட்டருக்குப் பதில் மில்லிமீட்டர் என்று விழுந்திருந்தது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "40 மில்லிமீட்டர் மகரந்தத் துகள்னா நெல்லிக்காய் சைஸ் இருக்குமேப்பா" என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பணம் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்களுக்குச் சிறு நிதி தருகிறது, கைடு வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு ஃபெல்லோஷிப்பில் இரண்டு மாதம் ஒரு பெரிய ஆய்வகத்தில் உட்காரலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் 'நமக்கெங்கே' என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். தமிழ், வரலாறு நண்பர்களுக்குச் செலவே கிடையாது: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் வீட்டிலிருந்தே திறக்கும், சென்னை வந்தால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் எழும்பூரில் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. பறவை பார்க்கிறவர்களுக்கு ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு.

காசு கொடுத்தால் ஒரு வாரத்தில் எங்கள் ஆய்விதழில் கட்டுரை போடுகிறோம் என்று மின்னஞ்சல் வரும். கைடே சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அந்தப் பணத்துக்கு இன்னும் நாலு ஊருக்கு பஸ்ஸில் போய் இலை பறித்து வரலாம். நல்ல முடிவு கிடைத்து முறையாக எங்காவது அனுப்புவதாக இருந்தால், யார் பெயர் எந்த வரிசையில் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். இன்னொன்று, ஒத்த வரிகளைக் காட்டும் மென்பொருளுக்குப் பயந்து சொற்களை மட்டும் மாற்றிப்போடும் வித்தையை யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். சொந்தமாக எண்ணிய எண்ணிக்கை எந்த மென்பொருளிலும் மாட்டாது.

உங்களுக்கு இப்போது விடுமுறை வரப்போகிறது. ஆறாவது செமஸ்டர் வரை காத்திருக்காமல் ஊரில் ஒரு மரத்தைப் பிடித்து எண்ணத் தொடங்குங்கள். தேதி, நேரம், எந்த மரம், எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், எத்தனை துளை என்று பத்தி போட்ட 40 பக்க நோட்டு போதும். பென்சிலில் எழுதாதீர்கள், தப்பானதை அடித்து எழுதுங்கள், அழிக்காதீர்கள். நெயில் பாலிஷ் மட்டும் நிறமில்லாததாகப் பார்த்து வாங்குங்கள், சிவப்பில் ஒன்றும் தெரியாது.